மலபார் மண்ணில் சம்பளக் கோஷ்டி

சினிமா நட்சத்திரத்துக்கு ‘கட்-அவுட்’ வைப்பதில் தமிழனை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. 2022-ம் ஆண்டு அந்தப் பேச்சு பொய்த்துப் போயிற்று.

கோழிக்கோடு ஜில்லாவில் புள்ளாவூர் என்று ஒரு கிராமம். அங்கே ஓடும் ஆற்றில் ஒரு திட்டு. உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயம் நெருங்கிய நேரம். அர்ஜென்டினா ரசிகர்கள் அந்தத் திட்டில் மெஸ்ஸிக்கு 30 அடி உயரத்தில் ‘கட்-அவுட்’ வைத்தார்கள். பிரேசில் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றங்கரையில் நெய்மாருக்கு 40 அடி! போர்ச்சுக்கல் ரசிகர்கள் வந்தார்கள். ரொனால்டோவுக்கு அதற்கும் மேலே!

உலகக் கால்பந்து சம்மேளனமே அந்தப் படத்தை எடுத்து உலகம் முழுவதுக்கும் காட்டியது. ஒரு சின்னக் கிராமத்துக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

ஆனால், அதே 2022-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி இன்னொன்றும் நடந்தது. கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் கோழிக்கோட்டின் சொந்தக் கோஷ்டி ஒன்று, கல்கத்தாவின் பழம்பெரும் முகமதன் ஸ்போர்ட்டிங் கோஷ்டியை 2-1 என்று தோற்கடித்தது. இந்தியாவின் ‘ஐ லீக்’ பட்டத்தைத் தொடர்ந்து இரண்டாவது தடவையாகத் தட்டிக்கொண்டு வந்தது. அன்று கோல் போட்ட இரண்டு பேரும் மலையாளப் பையன்கள். ஒருவர் பெயர் ரிஷாத். மற்றவர் எமில் பென்னி.

அந்தப் பையன்களுக்கு எத்தனை அடி?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஒரு பிரதேசம். அங்கே சம்பளம் கொடுத்து ஒரு சங்கம் தொடங்கினால் ஊர் தானாக வந்து சேர்ந்துகொள்ளும் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துத் தொடங்கிய சங்கங்கள் எத்தனையோ. நிலைத்தவை மிகக் குறைவு.

வெள்ளைக்காரன் விட்டுப் போன பந்து

மலபாரும் தமிழ்நாடும் பங்காளி வீடுகள். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை மலபார், சென்னை ராஜ்யத்தின் ஒரு ஜில்லா. கள்ளிக்கோட்டை என்று தமிழர்கள் சொன்ன ஊர்தான் இன்றைய கோழிக்கோடு.

மலப்புரத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. காலையில் அணிவகுப்பு. மாலையில் பந்து. சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைக்க, எல்லைக் கோட்டுக்கு வெளியே ஊர்ப் பையன்கள் நின்று பார்த்தார்கள். வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு எடுத்துக் கொடுப்பதற்கு முன் ஒரு உதை உதைத்தார்கள். வெறுங்கால் உதைதான். ஆட்டம் அப்படித்தான் ஊருக்குள் வந்தது.

1921-ல் மலபார் விசேஷப் போலீஸ் படை ஏற்பட்டது. கலகத்தை அடக்க வந்த படை அது. அந்தப் படையை மலபார்க்காரர்கள் எதற்காக வெறுத்தாலும், அதன் கால்பந்துக் கோஷ்டியை மட்டும் வெறுக்க முடியவில்லை. பந்து விஷயத்தில் ஜனங்களின் மனம் ஒரு தினுசு.

1956-ம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயம். டிசம்பர் 1-ந் தேதி இந்தியா, ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. முடிவில் நாலாவது இடம். இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் அவ்வளவு உயரம் அதற்கு முன்பும் போனதில்லை. பின்பும் போனதில்லை. அந்தக் கோஷ்டியில் தடுப்பு ஆட்டக்காரராக நின்றவர் கோழிக்கோட்டுக்காரர் ரகுமான். ‘ஒலிம்பியன் ரகுமான்’ என்றே கடைசி வரை ஊர் அவரை அழைத்தது. மலபார் சென்னையை விட்டுப் பிரிந்து அப்போது சரியாக ஒரு மாதம்!

அதற்கு முன்பே, 1952-ல் கோழிக்கோட்டில் சேட் நாக்ஜி கோப்பைப் பந்தயம் தொடங்கிவிட்டது. கல்கத்தாவிலிருந்து கோஷ்டிகள் வந்தன. ஐதராபாத்திலிருந்து வந்தன. கராச்சியிலிருந்துகூட வந்தன. மூட்டை தூக்குகிறவர் முதல் மர வியாபாரி வரை ஒரே காலரியில் உட்கார்ந்தார்கள். பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்கள் அந்த ஊரில் பேரக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லப்பட்டன.

1973-ல் கொச்சியில் கேரளம் முதல் தடவையாக சந்தோஷ் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் ரயில்வே கோஷ்டிக்கு எதிராக 3-2. மூன்று கோல்களையும் போட்டவர் கோஷ்டித் தலைவர் மணி. அதன் பிறகு கேரளத்தில் பந்து உதைக்காத பள்ளிக்கூடப் பையன் உண்டா என்று கேட்கும் நிலைமை வந்தது.

ஏழு பேர் ஆட்டம்

இவ்வளவும் பெருமைக்குரிய பழங்கதை. ஆனால் மலபாரின் அன்றாடக் கால்பந்து இதுவல்ல. அது ‘செவன்ஸ்’.

பெயரே சொல்கிறது. பக்கத்துக்கு ஏழு பேர். சின்ன மைதானம். குறைந்த நேரம். அறுவடை முடிந்த வயலில் கட்டை குத்தி, பலகை கட்டி, தற்காலிகக் காலரி எழும்பும். நவம்பரில் தொடங்கினால் மழை வரும்வரை ஊருக்கு ஊர் பந்தயம். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு. இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். சாப்பிட்டுவிட்டு, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, டிக்கெட் வாங்கி உள்ளே போகிறார் ஒரு தகப்பனார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் திருவிழா நாடகத்துக்குப் போன மாதிரி!

வசூலாகும் பணம் எங்கே போகிறது? ஆட்டக்காரருக்குக் கூலி, கோஷ்டிக்குப் பங்கு. மிச்சத்தில் பல இடங்களில் ஏழை நோயாளிக்கு மருந்து, வாசகசாலைக்குக் கட்டிடம். ஊர்ச் சங்கங்கள் இதை ஒரு தர்ம காரியமாகவே நடத்துகின்றன.

வளாஞ்சேரி, மஞ்சேரி, அரீக்கோடு, கோட்டக்கல் என்று ஊருக்கு ஊர் கோஷ்டிகள். கடைப் பெயரிலும் கோஷ்டி உண்டு. ஆட்டக்காரர்கள் நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் லைபீரியாவிலிருந்தும்கூட வருகிறார்கள். ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. 2018-ல் வெளிவந்த ‘சுடானி பிரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படம் இந்தக் கதைதான். காயம்பட்ட நைஜீரிய ஆட்டக்காரரைத் தன் வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் ஏழைக் கோஷ்டி மானேஜரின் கதை. படத்தைப் பார்த்து அழாத மலபார்க்காரர் இருக்க முடியாது.

செவன்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற ஆட்டம் அல்ல. பதிவு பெற்ற சங்கத்து ஆட்டக்காரர் அதில் ஆடக்கூடாது. ஒரு ஆட்டத்தில் கால் முறிந்தால் மறுநாள் கூலி இல்லை. காலரியும் தற்காலிகம்தான். 2022 மார்ச்சில் மலப்புரம் ஜில்லா பூங்கோட்டில் இறுதி ஆட்டத்துக்குக் கூடிய கூட்டத்தில் காலரி சரிந்து விழுந்தது. சுமார் 200 பேருக்குக் காயம்.

2019-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி. பெரிந்தல்மண்ணாவில் ஒரு செவன்ஸ் ஆட்டம். ஆடிக்கொண்டிருந்த ஒருவர் மைதானத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் போய்விட்டது. அவர் பெயர் தனராஜன். பாலக்காட்டுக்காரர். வயது 39. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், விவா கேரளா என்று நாட்டின் பெரிய சங்கங்களுக்கு ஆடியவர். பெரிய சங்கங்களில் காலம் முடிந்த பிறகும் அவருக்கு இடம் கொடுத்தது இந்த இராத்திரி ஆட்டம்தான்.

சம்பளக் கோஷ்டி தொடங்குகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இந்த மனிதரைத்தான்.

முதல் மாதமே எடுத்த சீட்டு

அந்தக் காலத்தில் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது உத்தியோகம். வங்கிக் கோஷ்டி, ஆலைக் கோஷ்டி, மின்சாரவாரியக் கோஷ்டி, போலீஸ் கோஷ்டி. பந்து உதைத்தால் வேலை கிடைக்கும். கால் ஓய்ந்தாலும் சம்பளம் நிற்காது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன் ஐ. எம். விஜயன் கேரளப் போலீஸ் கோஷ்டிக்கு வந்தது அப்படித்தான். அந்தக் கோஷ்டி 1990-லும் 1991-லும் பெடரேஷன் கோப்பையை வென்றது. சத்யன், பாப்பச்சன், ஷரப் அலி, விஜயன் என்று அந்தப் பெயர்களை இன்றும் மலையாளிகள் மந்திரம் போல் சொல்கிறார்கள்.

பிறகு காலம் மாறியது. ஆட்டத்தையே தொழிலாக நடத்தும் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1997-ல் கொச்சியில் ‘எப். சி. கொச்சின்’ உதயமாயிற்று. தொடக்கமே அமர்க்களம். ஐ. எம். விஜயன் வந்தார். ஜோபால் அஞ்சேரி வந்தார். தமிழ்நாட்டு வீரர் ராமன் விஜயன் வந்தார். அந்தப் பருவத்துத் தேசிய லீக்கில் நாட்டிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான். முதல் வருஷமே, 1888 முதல் நடந்து வரும் டுராண்டு கோப்பை கைக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுக்கு 3-1 தோல்வி. கேரளக் கோஷ்டி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை.

ஐந்தே வருஷம். பணம் வற்றியது. சம்பளம் பாக்கி விழுந்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 2002-ல் சங்கம் இல்லை.

2004-ல் ‘விவா கேரளா’ வந்தது. நல்ல முயற்சி. உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஐ லீக் வரை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. 2011-ல் கைமாறி ‘சிராக் யுனைடெட் கேரளா’ ஆனது. 2012-ல் அதுவும் முடிந்தது.

தமிழ்நாடு இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் மைதானத்தில் சென்னை சிட்டி சங்கம் ஐ லீக் பட்டத்தை வென்றது. கொங்குச் சீமையே கொண்டாடியது. 2021-22 பந்தயத்தில் அந்தச் சங்கத்தின் பெயரையே காணோம்!

ஏன் இப்படி? ஏலச்சீட்டுக் கட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதல் மாதமே சீட்டை எடுத்துவிடலாம். கையில் மொத்தப் பணம். வீட்டில் விருந்து. ஆனால் மீதி மாதத் தவணைகளைக் கட்டித்தானே ஆக வேண்டும்? பெரிய ஆட்டக்காரரை விலைக்கு வாங்கி, முதல் வருஷமே கோப்பை எடுப்பது முதல் சீட்டை எடுப்பது போல. சம்பளம், பயிற்சியாளர், விமானச் செலவு, மைதான வாடகை, வைத்தியச் செலவு என்று தவணை மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். டிக்கெட் வசூலில் அதைக் கட்ட முடியாது. இந்தியாவில் எந்தச் சங்கமும் டிக்கெட் வசூலை மட்டும் வைத்துப் பிழைத்ததில்லை.

சீட்டுக்காரர் வந்தார்

வேடிக்கை என்னவென்றால், கோழிக்கோட்டுக்குக் கடைசியில் கோஷ்டி கொடுத்தவர் ஒரு சீட்டுக்காரரேதான்!

ஸ்ரீ கோகுலம் சிட் பண்டு பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் குறைவு. தலைமை ஆபீஸ் சென்னையில். நிறுவியவர் கோகுலம் கோபாலன். சொந்த ஊர் கோழிக்கோடு ஜில்லா வடகரை. 1968-ல் சென்னையில் சீட்டு வியாபாரம் தொடங்கி வளர்ந்தவர். அவருடைய நிறுவனம் 2017 ஜனவரியில் ‘கோகுலம் கேரளா கால்பந்து சங்கம்’ தொடங்கியது. முதலில் மலப்புரம் ஜில்லா பய்யநாடு மைதானத்தில் காலூன்றி, பிறகு கோழிக்கோடு நகரசபை மைதானத்தைச் சொந்த வீடாக்கிக்கொண்டது.

முதல் பருவம் 2017-18. பத்துக் கோஷ்டிகளில் ஏழாவது இடம். ஆனால் 2018 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் கல்கத்தாவில் மோகன் பகானையும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலையும் தோற்கடித்தது. நூறாண்டுப் பெயர்களைத் தட்டியது நேற்றுப் பிறந்த குழந்தை! அடுத்த பருவம் ஒன்பதாவது இடம். ‘இதுவும் அவ்வளவுதான்’ என்று டீக்கடைகளில் பேச்சு எழுந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அந்த இடத்தில்தான் முந்திய முதலாளிகள் கையை விரித்தார்கள். இவர்கள் விரிக்கவில்லை. தவணை கட்டினார்கள்.

2019 ஆகஸ்டு 24-ந் தேதி டுராண்டு கோப்பை இறுதி ஆட்டம். எதிரி மறுபடியும் மோகன் பகான். இடம் மறுபடியும் கல்கத்தா. டிரினிடாட் தீவுக்காரர் மார்க்கஸ் ஜோசப் இரண்டு கோல் போட்டார். 2-1. கொச்சின் கோஷ்டி வென்று 22 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கேரளத்துக்கு வந்தது. அரை இறுதியில் ஈஸ்ட் பெங்காலை பெனால்டி உதையில் வீழ்த்திய கோல் காவலர் உபைத், மலையாளிதான்.

2020-21 லீக் பந்தயம் கொரோனா காரணமாக வங்காளத்திலேயே முழுதும் நடந்தது. ஆட்டக்காரர்களை வெளியே விடவில்லை. பார்வையாளரை உள்ளே விடவில்லை. 2021 மார்ச் 27-ந் தேதி கடைசி நாள். மூன்று கோஷ்டிகளுக்கு ஒரே புள்ளிக் கணக்கு. மணிப்பூரின் ‘ட்ராவ்’ கோஷ்டி முதலில் கோல் போட்டுவிட்டது. 70-வது நிமிஷம் வரை கோழிக்கோடு பின்தங்கியே இருந்தது. அதன் பிறகு பாருங்கள்! ஆப்கானிஸ்தான் வீரர் ஷரீப் ஒரு கோல். வயநாட்டுப் பையன் எமில் பென்னி ஒரு கோல். கானாக்காரர் ஆண்ட்வி ஒரு கோல். கடைசி மூச்சில் வயநாட்டின் இன்னொரு பையன் ரஷீத் ஒரு கோல். 4-1! கேரளச் சங்கம் ஒன்று தேசிய லீக் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. காலியான காலரிக்கு முன்னால் பெற்ற பட்டம்.

அடுத்த வருஷமும் அதே பட்டம். இடையில் 21 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே இல்லை. பயிற்சியாளர் அன்னேசே என்ற இத்தாலிக்காரர். 

மாடிப்படியில் பூட்டு

பட்டம் வென்றால் மேலே போக வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளில் கால்பந்தில் அதுதான் நியாயம். இந்தியாவில் மாடிப்படியில் பூட்டுத் தொங்கியது.

2014-ல் தொடங்கிய ‘ஐ. எஸ். எல்.’ பந்தயத்தில் சேர, ஆட்டத் திறமை போதாது. கட்டணம் கட்டி இடம் வாங்க வேண்டும். கொச்சியின் ‘கேரளா பிளாஸ்டர்ஸ்’ அப்படித்தான் டெண்டுல்கரின் பெயரோடு பிறந்தது. மஞ்சள் சட்டைக் கூட்டம் கொச்சியில் அலை அலையாகத் திரண்டது. ஐ லீக்கில் முதலாவதாக வரும் கோஷ்டிக்குக் கட்டணம் இல்லாமல் மேலே இடம் என்ற ஏற்பாடு 2022-23 பருவத்திலிருந்துதான் அமலுக்கு வந்தது. அந்தப் பருவத்தில் வென்ற பஞ்சாப் கோஷ்டி மேலே போயிற்று. 2023-24-ல் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே போயிற்று.

2021-லும் 2022-லும் வென்ற கோழிக்கோடு? படிக்கட்டிலேயே நின்றது. பூட்டு திறப்பதற்கு முன்பே வந்தவன் குற்றவாளியா?

இதில் சங்கத்தின் மேல் தப்புச் சொல்ல முடியாது. பந்தயத்தை நடத்துகிறவர்கள் மேல்தான் சொல்ல வேண்டும். ஒரு முதலாளி ஐந்து வருஷம் பணத்தைப் போட்டு, இரண்டு தடவை நாட்டில் முதலாவதாக வந்து, அதே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டால், அடுத்த ஊரில் சங்கம் தொடங்க நினைக்கும் முதலாளி என்ன நினைப்பார்? பிறகு மாடிக்கே ஆட்டம் கண்டது. 2025 ஜூலையில் ஐ. எஸ். எல். அடுத்த பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. மேலே போனவர்களும் சம்பளக் கவலையோடு காத்துக் கிடந்தார்கள்.

செவன்சைப் பகைக்கலாமா?

சங்கம் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. ‘செவன்ஸ் எதிரி, அது ஆட்டக்காரரைக் கெடுக்கிறது, ரசிகரைத் திருடுகிறது’ என்று பேசுவது.

யார் யாரைத் திருடியது? அந்த வயலும், அந்த இராத்திரியும், அந்தத் தகப்பனாரின் டிக்கெட் காசும் செவன்சுக்குச் சொந்தம். சம்பளக் கோஷ்டி அந்த வீட்டுக்கு வந்த புது மருமகள். வந்த அன்றே மாமியாரைக் குறை சொன்னால் குடித்தனம் நடக்குமா?

நடக்கக்கூடிய காரியம் வேறு. செவன்ஸ் பருவம் எப்போது என்று பார்த்துச் சங்கத்தின் உள்ளூர் ஆட்டத் தேதிகளை வைக்கலாம். செவன்சில் மின்னும் பதினாறு வயதுப் பையனைத் தேடிப் போய், பள்ளிக்கூடத்தை விடாமலே பயிற்சிக்குச் சேர்க்கலாம். பதினொரு பேர் ஆடும் முழு அளவு மைதானம் கிராமத்தில் இல்லை என்பதுதான் அந்தப் பையன்களின் குறை. சின்ன மைதானத்தில் பந்தை அடக்கவும் திருப்பவும் கற்றவன், பெரிய மைதானத்தில் மூச்சுத் திணறுகிறான். ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் ஒரு பருவச் சம்பளத்தில் ஜில்லாவுக்கு ஒரு புல்தரையைச் சீராக்கிப் பராமரிக்க முடியும். அது பத்திரிகையில் படமாக வராது. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் பந்தால் பிழைக்க அவர் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. புனா, டில்லி, கல்கத்தா என்று சுற்றினார். 2017-ல் இந்தியக் கோஷ்டிக்கு ஆடினார். 2023-ல் கோகுலத்துக்கும், 2024-ல் மலப்புரம் கோஷ்டிக்கும் ஆடினார். வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு சம்பளக் கோஷ்டி வருவதற்குள் அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

2024 செப்டம்பரில் ‘சூப்பர் லீக் கேரளா’ என்ற புதிய பந்தயம் தொடங்கியது. ஆறு ஊர், ஆறு சங்கம். கோழிக்கோட்டுக்கும் மலப்புரத்துக்கும் கண்ணனூருக்கும் தனித்தனிக் கோஷ்டி. கொச்சிக் கோஷ்டியில் நடிகர் பிருதிவிராஜ் பணம் போட்டார். முதல் வருஷ இறுதி ஆட்டத்தில் கோழிக்கோட்டின் ‘காலிகட்’ கோஷ்டி கொச்சியை 2-1 என்று வென்றபோது மைதானம் நிரம்பி வழிந்தது. நல்ல ஆரம்பம். ஆனால் ஆரம்பம் எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். 1997-லும் நல்லதாகத்தான் இருந்தது. இந்தப் புதிய முதலாளிகளிடம் கேரளச் சர்க்காரும் கால்பந்து சங்கமும் ஒரே ஒரு நிபந்தனை போட்டால் போதும்: மூன்று வருஷச் சம்பளத் தொகைக்கு முன்கூட்டியே வங்கியில் ஈடு கட்ட வேண்டும். ஏலச்சீட்டு நடத்துகிறவரிடமே சட்டம் ஈடு கேட்கிறது. மனிதனின் காலை நம்பி நடத்தும் தொழிலுக்குக் கேட்கக்கூடாதா?

பரம்பரை இல்லாத இடத்தில்

கோகுலம் செய்தவற்றில் மிகப் பெரியது ஆண்கள் வென்ற இரண்டு பட்டங்கள் அல்ல. பெண்கள் கோஷ்டி.

கால்பந்துப் பரம்பரை என்று இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் பரம்பரை. பட்டாளத்து மைதானத்தில் பந்து பொறுக்கியவர்கள் பையன்கள். செவன்ஸ் வயலில் ஆடுகிறவர்கள் ஆண்கள். காலரியிலும் பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்களுக்கு அந்த மண்ணில் பாட்டன் சொத்து எதுவும் கிடையாது.

2019-ல் இந்திய மகளிர் லீக் பட்டம் மதுரையின் ‘சேது’ சங்கத்திடம் இருந்தது. 2020 பிப்ரவரியில் அதைக் கோழிக்கோடு பெற்றது. பயிற்சியாளர் பி. வி. பிரியா என்ற மலையாளப் பெண்மணி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர்க் கோஷ்டிக்கு எதிராக 3-2. வெற்றிக் கோல் போட்டவர் நேபாளத்துச் சபித்ரா. 2022-ல் மறுபடியும் பட்டம். ஆசியச் சங்கப் பந்தயத்தில் ஆடும் உரிமையும் கிடைத்தது.

2022 ஆகஸ்டு. பெண்கள் கோஷ்டி தாஷ்கண்டு நகருக்குப் பிரயாணமானது. ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, உலகச் சம்மேளனம் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. டில்லியில் பதவிக்காக நடந்த சண்டைக்குத் தண்டனை அது. இந்தியச் சங்கம் எதுவும் வெளிநாட்டில் ஆடக்கூடாது!

தாஷ்கண்டில் போய் இறங்கிய பெண்களுக்கு மைதானத்தில் கால் வைக்க முடியவில்லை. பிரதம மந்திரி தலையிட வேண்டும் என்று சங்கம் விண்ணப்பம் போட்டது. பயன் இல்லை. 26-ந் தேதி தடை நீங்கியது. அதற்குள் பந்தயம் அவர்கள் இல்லாமலே ஆரம்பமாகிவிட்டது. டில்லிச் சண்டையில் அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு? பதவி நாற்காலியை அவர்களில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் கோஷ்டியில் முன்பு ஆடிய மனிஷா கல்யாண் சைப்ரஸ் தீவுச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அதே மாதம் ஐரோப்பியச் சாம்பியன் பந்தயத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். மற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சங்கம் அவர்களைக் கலைக்கவில்லை. புதிய ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கடலூர் ஜில்லாவின் இந்துமதியும் சந்தியாவும் அவர்களில் இருவர். 2023 மே மாதம் அகமதாபாத்தில் மகளிர் லீக் இறுதி ஆட்டம். எதிரே பெங்களூர்க் கோஷ்டி. கோழிக்கோடு 5, பெங்களூர் 0. கோல் போட்டவர்கள் பட்டியலில் கடலூர்ப் பெண்கள் இருவர் பெயரும் இருந்தது.